மூன்றாம் ஓலை

"இந்த முடி யார் வீட்டு முடி? நம்ம வம்சத்துல எவனுக்காவது இப்படி முடி இருந்ததுண்டா? காட்டு பாப்போம்."

"அதை நீங்கதான் சொல்லணும் அத்தை. எங்கப்பா உங்க கூடப்பொறந்த தம்பி. உங்ககிட்ட இல்லாத வம்சம் எனக்கு எங்கேயிருந்து வரும்?"

"வாயைப் பாரு."

"வாயும் அங்கேயிருந்துதான் வந்தது."

கிணற்றடி முழுக்கக் கேட்கும் குரலில்தான் இதெல்லாம் நடந்தது. என் குடம் நிரம்பிவிட்டது. ஆனாலும் வாளியைக் கழுவ வேண்டியிருந்தது. வாளியைக் கழுவிவிட்டுக் கயிற்றை அலசாமல் விடுவது சரியில்லை. அங்கேயே நின்றேன்.

சரோஜினி டீச்சர் தன் பேரனைத் தூக்கி வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தார். பையனுக்கு மூன்று வயது. பெயர் எபநேசர், எப்பி என்று கூப்பிடுவார்கள். வெளிச்சம் பட்டால் அவனால் கண்ணைத் திறக்க முடியாது. முகத்தை டீச்சரின் தோளில் புதைத்துக்கொண்டு சிணுங்கினான். அவன் தலைமுடி அந்த வெயிலில் துலக்கி வைத்த வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. கறுப்பும் இல்லை, செம்பட்டையும் இல்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டி உடைந்து, அதன் மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

அவனுடைய அம்மா புஷ்பம், துவைத்த துணியைப் பிழிந்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் துணியைப் பிழிந்த விதத்தில் டீச்சர் சற்றுத் தள்ளியே நின்றார். புஷ்பத்தின் கணவன் ஜெபசீலன் வாசலில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பிறகு மின்சார ரயிலைப் பிடிக்கப் போய்விட்டான். பார்க் டவுனில் ஒரு ஆபீஸில் அவன் கிளார்க். வீட்டில் எப்போது குரல் உயர்ந்தாலும் அவனுக்கு ஒரு ரயில் இருந்தது.

டீச்சர் கேட்டது முடியைப் பற்றி அல்ல என்பது கிணற்றடியில் எல்லோருக்கும் தெரியும். எப்பிக்கு அப்பா யார் என்று கேட்டார். சரியான பதில் வராவிட்டால் புஷ்பம் பிள்ளையோடு பல்லாவரத்துக்குப் பிறந்த வீடு போகவேண்டியதுதான் என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார். இது நடந்தது எழுபத்திரண்டில், கோடை லீவில்.

கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி, கங்கையம்மாளின் நஞ்சை நிலம் இருந்த இடத்தில் அவளே கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள் அவை. நடுவில் ஒரு பொதுக் கிணறு. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். சுவரும் கங்கையம்மாள் கட்டியது. அதனால் எதையும் மறைக்காது. எனக்கு வலது பக்கத்து வீடு டீச்சருடையது. பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ரிடையர் ஆனவர். சுகாதாரப் பாடம் நடத்தியவர். கணவர் காலமாகிவிட்டார். ஜெபசீலன் மூத்தவன்; அவனுக்குக் கீழே அமலராணி என்று ஒரு பெண்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். டீச்சருக்கும் பல்லாவரத்தில் இருந்த அவர் தம்பி அசரியாவுக்கும் வாழ்க்கையில் ஒரே பெருமை, வெளியில் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை என்பது.

"எங்க தாத்தாவும் ஆச்சியும் அத்தை மகன், மாமன் மக. எங்க அப்பாவும் அம்மாவும் அப்படித்தான். வெளி ரத்தம் ஒரு சொட்டுக் கலக்கல" என்பார் டீச்சர்.

பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று கங்கையம்மாள் சொல்கிற அதே குரல்தான். கங்கையம்மாளிடம் பால் வாங்குகிறவள் என்ற முறையில் இரண்டையும் நான் ஒரே அளவுக்குத்தான் நம்பினேன். ஆனால் டீச்சர் சொன்னது சுத்தமான உண்மை என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த வழக்கப்படிதான் டீச்சர் தன் தம்பி மகள் புஷ்பத்தை மகனுக்குக் கட்டிவைத்தார். தன் மகள் அமலராணியைத் தம்பி மகன் தனசிங்குக்குக் கொடுப்பது என்றும் அப்போதே பேசி முடித்தாயிற்று. ஒரு குடும்பத்தை இரண்டு தடவை தைத்த மாதிரி.

எப்பி பிறந்தபோது தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. அப்படி ஒரு நிறம். ஜெபசீலன் கறுப்பு, புஷ்பம் மாநிறம், டீச்சர் தன் நிறத்தை 'புதுநிறம்' என்று சொல்லிக்கொள்கிறவர். இந்த மூன்று பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை உரித்த வெங்காயம் மாதிரிக் கிடந்தது.

"எல்லாம் என் குங்குமப்பூ" என்றார் டீச்சர். "அஞ்சாம் மாசத்துலருந்து பால்ல போட்டுக் குடுத்தேன்."

அந்த வருஷம் தாம்பரம் பஜாரில் குங்குமப்பூ கிடைக்கவில்லை. மாசமாக இருந்தவர்கள் வாங்கினார்கள், மாசமாகப் போகிறவர்களும் வாங்கினார்கள். கல்யாணமே ஆகாத ஒருத்தியின் அம்மாகூட வாங்கிவைத்தாள். ஞானஸ்நான விருந்துக்கு வந்த அசரியா, "குங்குமப்பூவாவது ஒண்ணாவது. எங்கம்மா நிறம் அப்படியே வந்திருக்கு" என்றார். "எங்கம்மா நிறம்" என்று டீச்சர் திருத்தினார். ஒரே அம்மாவுக்காக அக்காவும் தம்பியும் பிரியாணி ஆறுகிற வரை சண்டை போட்டார்கள்.

அப்போது இடது பக்கத்து வீட்டில் பெர்சி துரை குடியிருந்தார். ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். எப்பிக்குச் சில மாதம் ஆனபோது குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது தன் பிள்ளைகள் வளர்ந்த தள்ளுவண்டியைப் புஷ்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல வண்டி. மேலே மடக்கு கூரை, பெரிய சக்கரம். எப்பிக்கு வெயில் ஆகாது என்பதால் அந்தக் கூரை ரொம்ப உதவியது.

வண்டிதான் வினையாயிற்று. ஒரு நாள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த கங்கையம்மாள் நின்று பார்த்துவிட்டு, "கொயந்த தொர வூட்டு வண்டில குந்திகினு போறப்போ தொர வூட்டு கொயந்தையாட்டமே கீது" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அந்த வார்த்தை தெருவைச் சுற்றி, சர்ச்சுக்குப் போய், மார்க்கெட் வழியாக டீச்சர் வீட்டுக்குத் திரும்பியபோது அதற்குக் கை கால் முளைத்து, பெர்சி துரையின் மூக்கும் வந்திருந்தது. எந்த வழியாக எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். இப்போது சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். பெர்சி துரை ஜெபசீலனைவிடக் கறுப்பு. அறுபது வயது. பல் செட்டு. அவர் அரை டிராயர் போட்டுக்கொண்டு முள்கரண்டியால் சாப்பிட்டதால் இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிள்ளை வளர வளர முடி வெள்ளியாயிற்று. கூடவே கட்டி வந்தது. ஒன்று ஆறினால் இரண்டு வரும். காதுக்குள் சீழ், கழுத்தில் நெறி, அடிக்கடி நெருப்பாய்க் காய்ச்சல். சூட்டுக் கட்டி என்றார் டீச்சர். வேப்பிலை அரைத்துப் போட்டார். சிவப்புத் தோலுக்குத் தாம்பரம் வெயில் தாங்காது என்றார். பெருமையாகத்தான் சொன்னார். புஷ்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஹைஜீன் சொல்லிக் குடுத்தவ நான். எனக்கு ஒரு கட்டிக்கு மருந்து தெரியாதா?" என்று டீச்சர் அடக்கிவிடுவார்.

கட்டிக்காகப் போகாத ஆஸ்பத்திரிக்குக் கடைசியில் கிணற்றடிச் சண்டைக்காகப் போனார்கள். ரத்தத்தைச் சோதித்தால் தகப்பன் யார் என்று தெரிந்துவிடும் என்று டீச்சர் ஏதோ வாரப் பத்திரிகையில் படித்திருந்தார்.

"நீங்களும் வாங்க தாயாரம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு நான் சொன்னா மாமியார்க்காரி சொல்றான்னு பேசுவாங்க. அசரியா சொன்னா மகளுக்காகப் பேசறான்பாங்க. நீங்க வெளி ஆளு. நீங்க சொன்னா ஊர் நம்பும்."

ஊர் என்னை நம்புகிறது என்பது எனக்கே புதுச் செய்தி. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பல்லாவரத்திலிருந்து அசரியாவும் வந்து சேர்ந்துகொண்டார்.

எழும்பூர்ப் பக்கத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் திரிபுரசுந்தரி என்ற சின்ன வயசு லேடி டாக்டர் பார்த்தார். டீச்சர் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். டாக்டர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. எப்பியை ஜன்னல் பக்கம் நிறுத்தி முடியைப் பிரித்துப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்து, வயிறு, பழைய கட்டி வடு எல்லாம் தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படிக் கட்டி வருது?"

"பொறந்ததுலேருந்துங்க டாக்டர்" என்றாள் புஷ்பம்.

"இவ்வளவு நாள் ஏன் கொண்டுவரலை?"

டீச்சர் சுவரில் மாட்டியிருந்த போலியோ சொட்டு மருந்து படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெபசீலன், புஷ்பம் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அன்றைக்கும் நான் போனேன். பாதியில் விடுவது எனக்குப் பழக்கம் இல்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்து முதலில் கேட்ட கேள்வி: "அப்பாவும் அம்மாவும் சொந்தமா?"

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "சொந்தம்தான் டாக்டர். என் தம்பி மக. எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா..." என்று ஆரம்பித்து, தாத்தா, ஆச்சி, பாளையங்கோட்டை வரைக்கும் போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் ஒரு வட்டமோ சதுரமோ போட்டுக் கோடு இழுத்தார். கோடெல்லாம் பிரிந்து போகாமல் சுற்றிச் சுற்றி அந்த ஒரு பையன் மேலேயே வந்து நின்றது.

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு உண்டு" என்றார் டாக்டர். "கிருமியைப் பிடிச்சு விழுங்கி ஜீரணம் பண்றது அதோட வேலை. இவனோட அணு விழுங்குது. ஜீரணம் பண்ண முடியலை. அதுக்கான பை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உள்ளே கட்டி கட்டியா கிடக்கு. திருடனைப் பிடிச்சு ஸ்டேஷனுக்குள்ள கொண்டுவந்தாச்சு, லாக்கப் பூட்டு வேலை செய்யலைன்னு வெச்சுக்குங்க. அதனாலதான் ஓயாம கட்டி, காய்ச்சல்."

"நிறம் டாக்டர்?" என்றார் அசரியா.

"அதே கோளாறுதான். நிறமும் சின்னச் சின்னப் பையிலதான் இருக்கு. அதுவும் இதே மாதிரி ஒட்டிக்கிட்டதால முடியிலயும் தோல்லயும் பரவலை. அது அழகில்லைங்க. வியாதி."

டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு குங்குமப்பூவும் அந்த நிமிஷம் வீணாகியிருக்கும். ஆனால் வந்த காரியத்தை அவர் மறக்கவில்லை. "தகப்பன்..." என்றார்.

"அதைத்தான் சொல்ல வர்றேன். இது தொத்து நோய் இல்லை, பரம்பரை. அப்பாகிட்டயிருந்து ஒரு பங்கு, அம்மாகிட்டயிருந்து ஒரு பங்கு வரணும். ஒரு பங்கு மட்டும் இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. ரெண்டு பங்கும் ஒரே பிள்ளைக்கு வந்தாத்தான் இப்படி. ஊர்ல ரொம்ப அபூர்வம். உங்க வீட்டுல ரெண்டு பக்கமும் ஒரே சொத்து. அதனால வந்தது. தகப்பன் வெளி ஆளா இருந்திருந்தா இந்தப் பையனுக்கு அநேகமா இது வந்திருக்கவே வந்திருக்காது."

புஷ்பம் அழவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஜெபசீலன் அவள் மடியிலிருந்து எப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் பிள்ளையை எல்லோர் முன்னாலும் தூக்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என் மகன் பிள்ளைதான்" என்றார் டீச்சர் என்னிடம். "கேட்டீங்கல்ல தாயாரம்மா? எங்க ரத்தம்தான்." சந்தோஷத்தில் சொல்லத் தொடங்கியவர், எந்த ரத்தம் என்பது உறைத்து நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மருந்து?" என்றாள் புஷ்பம்.

"அடியோட தீர்க்க மருந்து இல்லைம்மா. சின்னக் காய்ச்சல்னாலும் உடனே இங்க கொண்டுவந்துடணும். கட்டியை வீட்டுல கிளறக் கூடாது. எவ்வளவு நாள்னு நான் சொல்ல முடியாது. கிட்டக்க இருந்தா நல்லது." பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த வீட்டுல வேற யாராவது சொந்தத்துல கட்டப் போறாங்களா?"

"இல்லீங்க" என்றார் அசரியா.

அமலராணிக்கும் தனசிங்குக்கும் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் சமாதானமானார்கள். ஞானஸ்நான விருந்திலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர்கள், அப்படி ஒரு ஒற்றுமை. சுவர் கங்கையம்மாள் கட்டியது என்று முன்பே சொன்னேன்.

"ரத்தத்துல வியாதின்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நம்ம குடும்பத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" இது டீச்சர்.

"நம்ம குடும்பத்துக்கு நாமதானே அக்கா குடுக்கோம்."

"அது இருக்கட்டும். அமலாவுக்குத் தெரிய வேண்டாம்."

"தெருவுல பேசறாங்களே, அந்தத் துரை விஷயம்?"

"பேசறவங்க பேசிட்டுப் போறாங்க. அந்த ஆள் ஆஸ்திரேலியாவுல கிடக்கான். வந்து ஏன்னு கேக்கப் போறானா?"

அப்போது புஷ்பத்தின் குரல் கேட்டது. "அப்போ என் பேரு?"

"உன் பேருக்கு என்னம்மா?" என்றார் அசரியா. "நாங்க நம்பிட்டோம். மாப்பிள்ளை நம்பிட்டார்."

"சர்ச்சுல என் பெஞ்சுல யாரும் உக்கார மாட்டேங்கறாங்கப்பா. என்னைக் கெட்டவன்னு அத்தை கிணத்தடியில வெச்சுச் சொன்னாங்க. இல்லைன்னும் அங்கேயே சொல்லட்டும்."

"உன் ஒருத்தி பேர் பெரிசா, குடும்பத்துப் பேர் பெரிசா?"

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பாத்திரம் ஒன்று விழுந்தது.

அன்றைக்கே டீச்சர் ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்தோடு என் வீட்டுக்கு வந்தார். திருநீர்மலைப் பெருமாள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் சாமி இல்லை என்றாலும் எனக்கு எந்தச் சாமி என்று தெரிந்து கேட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டதை நான் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லக் கூடாது. என் ஆயுளில் அவ்வளவு கஷ்டமான காலம் வேறு கிடையாது. பெர்சி துரை கதையைச் சொல்வதற்கு ஒருத்தரும் ஒரு சத்தியமும் கேட்டதில்லை. அது பாட்டுக்குத் தெருவில் நடந்தது. ஆஸ்பத்திரி உண்மை மட்டும் என் வயிற்றுக்குள் உருண்டுகொண்டு கிடந்தது.

அந்தச் சர்ச்சில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பெயரைப் போதகர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். ஓலை வாசிப்பது என்பார்கள். தடை சொல்ல நினைக்கிறவர்கள் எழுந்து சொல்லலாம். பெண் வீட்டார் சர்ச்சிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் சர்ச்சிலும் வாசிப்பார்கள். ஓலை வாசிக்கிற வாரம் நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். போதகருக்கும் பழகிவிட்டது. யாரும் எழுந்து ஒன்றும் சொன்னதே இல்லை. என்றைக்காவது சொல்வார்கள் என்றுதான் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அதற்கு நடுவில் எப்பிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தான். அமலராணி கிணற்றடியில் புஷ்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, எப்பிக்கு டாக்டர் என்னதான் சொன்னாங்க?"

"உங்கம்மாவைக் கேளு."

"கேட்டேன். சிவப்பா இருந்தா அப்படித்தான் வரும்னு சொல்லுதாங்க. அப்படியா?"

புஷ்பம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அமலராணிக்கு இருபது வயது. கல்யாணப் புடவைக்கு என்ன கலர் எடுக்கலாம் என்று அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் கேட்டிருந்தாள். புஷ்பம் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் ஞாயிறு. சங்கீதம் பாடி முடித்து உட்கார்ந்தார்கள். புஷ்பத்தின் பெஞ்சில் வழக்கம்போல் அவளும் எப்பியும்தான். ஆண்கள் பக்கத்தில் ஜெபசீலன். போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "கிழக்குத் தாம்பரம் சபையைச் சேர்ந்த அமலராணி என்பவளுக்கும் பல்லாவரம் சபையைச் சேர்ந்த தனசிங் என்பவருக்கும் மூன்றாம் முறை ஓலை. இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் இப்பொழுதே தெரிவிக்க வேண்டும்." சொல்லிக்கொண்டே அடுத்த அறிவிப்புக்குப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"தடை இருக்குங்கய்யா" என்றாள் புஷ்பம்.

போதகர் தலையைத் தூக்கவில்லை. "ஜெபக் குறிப்பு கடைசியில சொல்லலாம்மா, உக்காருங்க."

"ஜெபக் குறிப்பு இல்லைங்கய்யா. ஓலைக்குத் தடை."

விசிறி ஆட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. டீச்சர் முன் பெஞ்சிலிருந்து, "புஷ்பம், உக்காரு" என்றார், வகுப்பில் சொல்கிற மாதிரி.

"உக்காந்தது போதும் அத்தை" என்றாள் அவள். எப்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "இந்தப் பிள்ளை நிறத்தை வெச்சு என்னைப் பத்தி என்ன பேசறீங்கன்னு எனக்குத் தெரியும். இவன் எங்க வீட்டுக்காரருக்குத்தான் பொறந்தான். அதுக்கு அத்தாட்சி இவன் சீக்குதான். இது அப்பா அம்மா ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருந்தாத்தான் வருமாம். நாங்க சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிட்டே வந்ததால வந்தது. அமலாவும் என் தம்பியும் அதே ரத்தம். அவ வயித்துலயும் இப்படி ஒண்ணு பொறந்து, அவளையும் நீங்க கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் படித்த தடைகளில் இது இல்லை. "இதை... யார் சொன்னது?"

"பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அத்தைக்கும் தெரியும், எங்கப்பாவுக்கும் தெரியும். தாயாரம்மாக்காவும் பக்கத்துல இருந்தாங்க."

சர்ச் முழுக்கக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நான் சத்தியம் செய்திருந்தேன், உண்மைதான். வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்றுதான் செய்திருந்தேன். தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

அப்போது ஆண்கள் பக்கத்தில் ஜெபசீலன் எழுந்தான். என்னவோ நீளமாகப் பேசப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தோம். "ஆமாங்கய்யா" என்றான். நடந்து போய்ப் புஷ்பத்தின் பெஞ்சில், பெண்கள் பக்கத்தில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அமலராணி அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கய்யா" என்றாள்.

பல்லாவரம் சர்ச்சில் அதே நேரத்தில் அதே ஓலை மூன்றாம் முறையாக வாசிக்கப்பட்டு, தடை எதுவும் இல்லை என்று முடிந்திருந்தது. அசரியா அங்கே நிம்மதியாகக் காணிக்கை போட்டுக்கொண்டிருந்தாராம். செய்தி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. என் சத்தியம்தான் அதற்குள் உடைந்துவிட்டதே.

அடுத்த வாரமே புஷ்பத்தின் பெஞ்சில் இடம் பிடிக்கப் போட்டி. அவளைப் பற்றி அப்படி யார் பேசினார்கள் என்றே யாருக்கும் ஞாபகம் இல்லை. கங்கையம்மாள்கூட, "எவ அவ, கொயந்தைய பத்தி தப்பா பேசினவ? என்னாண்ட இட்டா" என்று கிணற்றடியில் நின்று ஒரு பேஜார் பண்ணினாள்.

பெர்சி துரை அந்தக் கிறிஸ்துமஸுக்கு மெல்போர்னிலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பினார். தள்ளுவண்டி உபயோகமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். மற்றது எதுவும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

அமலராணிக்கு எழுபத்திநாலில் கல்யாணம். மாப்பிள்ளை தஞ்சாவூர்க்காரர், கேளம்பாக்கத்தில் வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது, "உங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது சொந்தம் உண்டா?" என்று டீச்சர் கேட்டார். முன்பெல்லாம் உண்டு என்று சொன்னால்தான் காபி வரும். அவர் கிடையாது என்று சொன்ன பிறகுதான் டீச்சர் காபி கலக்க எழுந்தார். டாக்டர் சொன்னதால் தானே வெளியில் பார்த்ததாக இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். தனசிங் அம்மா வழியில் ஒரு மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். அது வேறு ரத்தம் என்றார் அசரியா. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜெபசீலனும் புஷ்பமும் எப்பியோடு எழும்பூருக்குக் குடிபோனார்கள். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஆபீசுக்கும் நடந்து போய்விடலாம் என்பதால் ஜெபசீலனுக்கு ஒளிந்துகொள்ள ரயில் இல்லாமல் போயிற்று. பழகிக்கொண்டான் என்று கேள்வி. எழுபத்தைந்தில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. டீச்சர் பிள்ளையைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் முடியைத்தான் முதலில் பார்த்தாராம். "கறுப்பு. நல்ல கறுப்பு" என்று சொல்லி வார்டு முழுக்க அல்வா கொடுத்தார். பிள்ளை கறுப்பாய்ப் பிறந்ததற்கு இனிப்பு கொடுத்த வீடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

எப்பி அதற்கு அடுத்த வருஷம் போய்விட்டான். காய்ச்சலில் படுத்தவன் எழவில்லை. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அன்றைக்கு யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மாதமே டீச்சர் கங்கையம்மாளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பேத்தியைப் பார்த்துக்கொள்ள எழும்பூருக்குப் போய்விட்டார். புஷ்பம்தான் வந்து அழைத்துக்கொண்டு போனாள். சாமானெல்லாம் மாட்டு வண்டியில் ஏறியது. தள்ளுவண்டியை மட்டும் கிணற்றடியில் விட்டுவிட்டார்கள். கங்கையம்மாள் அதில் மாட்டுக்குப் புல் ஏற்றிக்கொண்டு போகிறாள்.